கேபிள் நெட்ல இருந்து ஃபைபருக்கு மாறலாமா? பாலக்கோடு பக்கம் அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

பாலக்கோடு மருமகள்:
எல்லாருக்கும் வணக்கம். பாலக்கோட்டுல இருந்து மாரண்டஅள்ளி போற ரோட்டுல இருந்து உள்ள தள்ளி எங்க ஊரு. ரெண்டரை வருஷமா வீட்ல இருந்தே பெங்களூர் கம்பெனிக்கு மெடிக்கல் கோடிங் பண்றேன், விபிஎன் போட்டு அவங்க சிஸ்டத்துக்குள்ள போய்த்தான் வேலை செய்யணும், நடுவுல நெட்டு ஒரு நிமிஷம் போனாலும் மறுபடி லாகின், மறுபடி ஓடிபி, பண்ணின சார்ட்டு சேவ் ஆகியிருக்காது. இப்ப இருக்கறது ஊர் கேபிள்காரர் குடுத்த நெட்டு. ஸ்பீடு டெஸ்ட் போட்டா 40 காட்டுது, ஆனா அப்லோட் 2, 3 தான், சாயந்தரம் 7 மணிக்கு மேல அதுவும் இல்ல. மழை தூறுனா போயிடும். எங்க வீட்ல கரண்ட் இருந்தாலும் மேல்தெருவுல கரண்ட் போச்சுன்னா நெட்டு போயிடும், இது ஏன்னே எனக்கு புரியல. போன மாசம் மட்டும் மூணு நாள் லாஸ் ஆஃப் பே.

இப்ப எங்க ஊருக்கு ஃபைபர் இழுத்திருக்காங்க, ரோடு முனை போஸ்ட்டுல கருப்பு டப்பா மாட்டியிருக்காங்க. மாறிடலாம்னு பாத்தா கேபிள்காரர் வீட்டுக்காரருக்கு மாமா முறை, எங்க கல்யாணத்துல முன்ன நின்னவர். மாமியாருக்கு டிவியும் அவர்கிட்டதான். எப்படி சொல்றதுன்னும் தெரியல, மாறினா நெஜமாவே நல்லா இருக்குமான்னும் தெரியல. இந்த பக்கம் போட்டவங்க அனுபவத்தை சொல்லுங்க.

ஓசூர் நைட்ஷிப்ட்:
யோசிக்கவே வேணாம் மாறிடுங்க அக்கா. நான் மூணு வருஷமா ஃபைபர்ல இருக்கேன், 100 பிளான், அப்லோடும் 100 வருது. லைட்டுல டேட்டா வருது, ஒளி வேகம், அதனாலதான் பிங், அதாவது பதில் திரும்பி வர்ற நேரம், அவ்ளோ கம்மி. கேபிள்ல அந்த வேகம் வரவே வராது.

ஸ்ப்ளைசர் கிருஷ்ணகிரி:
தம்பி சொன்னதுல மாறுங்கன்றது சரி, ஆனா காரணம் சரியில்ல, அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன். நான் பதினோரு வருஷமா ஸ்ப்ளைசிங், அதாவது ஃபைபர் நூலை ஒட்டற வேலை, பர்கூர் காவேரிப்பட்டணம் போச்சம்பள்ளி எல்லா பக்கமும் போயிருக்கேன்.

ஃபைபர்ன்றது மெல்லிசான கண்ணாடி நூல். அந்த கண்ணாடிக்குள்ள வெளிச்சம் செகண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். டிவி கேபிள்ல போற சிக்னல் அதை விட கூட வேகமாவே போகும். வீட்ல இருந்து எக்ஸ்சேஞ்ச் 20 கிலோமீட்டர்னாலும் ஃபைபர்ல ஆகற நேரம் ஒரு மில்லி செகண்டுல பத்துல ஒரு பங்கு, அதனால பிங் கூடறதும் குறையறதும் வயர்ல ஓடற வேகத்தால இல்ல. நடுவுல எத்தனை பெட்டி இருக்குது, அதுல எத்தனை பேரு நெருக்கறாங்க, எவ்ளோ இரைச்சல் கலக்குது, அதுலதான் இருக்கு விஷயம்.

அக்கா கேட்ட மேல்தெரு கரண்ட் கேள்விக்கு பதிலும் இதுலயே இருக்கு. டிவி கேபிள்ல சிக்னல் கொஞ்ச தூரம் போனாலே தேஞ்சிடும், அதை தூக்கி விட போஸ்ட்டுக்கு போஸ்ட் ஆம்ப்ளிஃபையர் வைக்கணும். அது கரண்ட்ல ஓடற பெட்டி. நம்ம ஊருங்கள்ல அந்த கரண்டை பக்கத்து வீட்லயோ கடைலயோ கேட்டு எடுத்திருப்பாங்க. அந்த கடைக்கு கரண்ட் போனா உங்க லைனும் செத்துடும். சில பேரு கேபிள் நெட்டுன்னு சொல்றது உண்மைல லேன் வயரா இருக்கும், போஸ்ட்டுல சின்ன சுவிட்ச் வெச்சு அங்கருந்து வீட்டுக்கு இழுத்திருப்பாங்க, லேன் வயர் 100 மீட்டருக்கு மேல போகாது, அந்த சுவிட்சுக்கும் கரண்ட் வேணும். ரெண்டுக்கும் நோய் ஒன்னுதான்.

ஃபைபர்ல உங்க வீட்டு பெட்டிக்கும் எக்ஸ்சேஞ்சுல இருக்கற ஓஎல்டிங்கற கம்பெனி பெட்டிக்கும் நடுவுல கரண்ட் வேண்டிய பொருளே கிடையாது. போஸ்ட்டுல பாத்தீங்களே கருப்பு டப்பா, அதுக்குள்ள ஸ்ப்ளிட்டர், வெறும் கண்ணாடி, ஒரு நூல்ல வர்ற வெளிச்சத்தை 8, 16, இல்லன்னா 32 பங்கா பிரிக்கும். எக்ஸ்சேஞ்சுல பேட்டரி, ஜெனரேட்டர் இருக்கும். உங்க வீட்டு பெட்டிக்கு மட்டும் நீங்க பேக்கப் வெச்சுக்கிட்டா போதும், ஊரே இருட்டா இருந்தாலும் நெட்டு ஓடும். எனக்கு ஃபைபர்ல பெரிய லாபமா தெரியறது இதுதான், ஸ்பீடெல்லாம் அதுக்கு அப்புறம்.

அப்லோட் விஷயம். டிவி கேபிள்ல மேல போற டேட்டாவுக்கு 65 மெகாஹெர்ட்ஸுக்கு கீழ சின்ன இடம்தான் விட்டிருக்காங்க, அந்த இடத்துலதான் மோட்டார், மிக்ஸி, லூசான கனெக்டர்னு எல்லா இரைச்சலும் வந்து விழும். தெருவுல ஒருத்தர் வீட்ல கனெக்டர் துரு பிடிச்சிருந்தா மொத்த தெருவுக்கும் அப்லோட் கெடும். மழைல போறதும் அப்படித்தான், கனெக்டர்ல தண்ணி. ஃபைபர்ல ஜிபான்னு சொல்ற வகை லைன்னா கீழ வர செகண்டுக்கு 2.5 ஜிகாபிட், மேல போக 1.25 ஜிகாபிட், அதை 32 இல்லன்னா 64 வீடு பங்கு போட்டுக்கறாங்க. அதுவும் பங்குதான், ஆனா பாத்திரம் பெருசு.

அரூர் கேபிள்:
நான் கேபிள் தொழில்தான் பண்றேன், என் பக்கமும் கேளுங்க. ஸ்ப்ளைசர் அண்ணன் சொன்ன ஆம்ப்ளிஃபையர் விஷயம் அத்தனையும் நெசம், மறைக்கல. ஆனா எங்க ஊர்ல ராத்திரி 10 மணிக்கு வயர் அறுந்தாலும் ஏணியை எடுத்துக்கிட்டு போறது நாங்கதான். 2011ல அரசு கேபிள் 70 ரூபாய்னு திரும்ப வந்தப்பவும் சமாளிச்சோம், செட்டாப் பாக்ஸ் மாத்தினப்பவும் சமாளிச்சோம், இப்ப பெரிய கம்பெனி வந்து நேரா வீட்டுக்கு ஃபைபர் இழுக்கறாங்க. எங்களுக்கும் ஃபைபர் போட ஆசைதான், ஸ்ப்ளைசிங் மிஷின், ஓஎல்டி, கேபிள்னு முதலு பெருசு. அம்மா, உங்க மாமா கிட்ட முதல்ல நேரா கேளுங்க. பிஎஸ்என்எல் ஃபைபரையே எங்கள மாதிரி லோக்கல் ஆளுங்க பங்கு போட்டுக்கிட்டு குடுக்கறாங்க, அவரும் அந்த மாதிரி எடுக்கற யோசனைல இருக்கலாம். கேக்காம மாறிட்டா அவருக்கு போற மாச வாடகையை விட அந்த வருத்தம் பெருசா இருக்கும், எனக்கு அப்படி நடந்திருக்கு.

காரிமங்கலம் டீச்சர்:
அரூர் தம்பி சொல்றது நியாயம். இன்னொன்னு, மாறுறதுக்கு முன்ன குறை லைன்லயா வைஃபைலயான்னு பாத்துடுங்கம்மா. எங்க வீட்ல ஃபைபர் போட்டும் பையன் ரூம்ல இழுத்துக்கிட்டே இருந்துச்சு, கருங்கல் செவுரு, பழைய வீடு. ரவுட்டர் வாசப்பக்கம் மூலைல இருந்துச்சு, நடு ஹாலுக்கு மாத்தினதும் சரியாச்சு. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகம் ஆனா செவுரு தாண்டாது, 2.4 தாண்டும் ஆனா வேகம் கம்மி. லேப்டாப்ப லேன் வயர்ல நேரா ரவுட்டர்ல குத்தி டெஸ்ட் போடுங்க. அதுலயும் அப்லோட் 2 தான்னா லைன் மேலதான் தப்பு.

வீட்ல பழைய லேண்ட்லைன் இருக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. செம்பு கம்பி ஃபோனுக்கு எக்ஸ்சேஞ்சுல இருந்தே 48 வோல்ட் வரும், கரண்ட் போனாலும் பேசலாம். ஃபைபருக்கு மாத்தினா அதே நம்பர் கிடைக்கும், ஆனா பெட்டிக்கு கரண்ட் இல்லன்னா ஃபோனும் இல்ல. எங்க அப்பாவுக்கு இது தெரியாம ஒரு நாள் ராத்திரி ரொம்ப பயந்துட்டார், அதான் சொல்றேன்.

பாலக்கோடு மருமகள்:
டீச்சர் சொன்ன மாதிரி லேன் வயர்ல பாத்தேன். காலைல 6 மணிக்கு அப்லோட் 4, சாயந்தரம் 7.30க்கு 0.6. அப்ப லைன்தான். மாமா கிட்டயும் வீட்டுக்காரரே போய் பேசினார். அவர் ஒளிவு மறைவு இல்லாம சொன்னார், ஃபைபர் எடுக்கற எண்ணம் இருக்கு, ஆனா இந்த வருஷம் முடியாது, பொண்ணு கல்யாணம் வெச்சிருக்கேன், நீங்க வேலைய கெடுத்துக்காதீங்க, போட்டுக்கங்கன்னுட்டார். டிவி அவர்கிட்டயே இருக்கட்டும்னு சொல்லிட்டோம். மனசு லேசாச்சு. அரூர் அண்ணா, நீங்க சொல்லலன்னா நான் கேக்காமலேயே போட்டிருப்பேன், ரொம்ப நன்றி.

இப்ப எந்த பிளான், போடும்போது என்னென்ன பாக்கணும்?

ஓசூர் நைட்ஷிப்ட்:
ஸ்ப்ளைசர் அண்ணா, ஒளி வேகம் விஷயம் எனக்கு தெரியாது, திருத்தினதுக்கு நன்றி. அக்கா, பிளான் பாக்கும்போது விளம்பரத்துல போட்ட ரேட்டு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும், 399ன்னா கைல இருந்து போறது 471 ரூபாய், 499ன்னா 589. ஆறு மாசம் மொத்தமா கட்டினா இன்ஸ்டாலேஷன் ஃப்ரீன்னு சொல்வாங்க, புது ஊர்ல லைன் எப்படின்னு தெரியாம மொத்தமா கட்டாதீங்க, முதல் மாசம் மட்டும் கட்டுங்க. அளவில்லாம யூஸ் பண்ணலாம்னு சொல்ற பிளான்லயும் ஒரு அளவு தாண்டினா ஸ்பீடு குறைக்கற கணக்கு இருக்கும், எத்தனை ஜிபின்னு கேளுங்க. உங்க வேலைக்கு 30, 40 எம்பிபிஎஸ்ஸே போதும், பசங்க வீடியோ பாக்கறாங்கன்னா 100. எம்பிபிஎஸ்ஸ 8ஆல வகுத்தாதான் டவுன்லோட்ல காட்டற எம்பி கணக்கு வரும், 100 போட்டா செகண்டுக்கு 12.5. பழைய ரவுட்டர இதுல மாட்டினா போர்ட்டே 100க்கு மேல போகாது, அதையும் பாத்துக்கங்க.

பழைய கனெக்ஷனை உடனே நிறுத்தாதீங்க, ஒரு மாசம் ரெண்டும் ஓடட்டும்.

ஸ்ப்ளைசர் கிருஷ்ணகிரி:
போட வர்ற பையன் கிட்ட கூச்சப்படாம கேளுங்க, பவர் எவ்ளோ வருதுன்னு. மீட்டர் வெச்சு காட்டுவான். ஓஎன்டின்ற உங்க வீட்டு பெட்டிக்கு மைனஸ் 8ல இருந்து மைனஸ் 27 டிபிஎம் வரைக்கும் தாங்கும், மைனஸ்ல நம்பர் பெருசாக பெருசாக வெளிச்சம் கம்மி. மைனஸ் 15ல இருந்து 24க்குள்ள இருந்தா நல்ல லைன். 26, 27 வந்தா ஓடும், ஆனா ஓரத்துல நிக்குது, கொஞ்சம் அசைஞ்சாலும் விழுந்துடும். 3 குறைஞ்சா வெளிச்சம் பாதியாயிடுச்சுன்னு அர்த்தம், அதனால சின்ன நம்பர்தானேன்னு விடாதீங்க.

வயரை ஜன்னல் இடுக்குல, கதவு இடுக்குல மடக்க விடாதீங்க. செம்பு கம்பிய மடிச்சாலும் அதுல கரண்ட் ஓடும், கண்ணாடிய மடிச்சா வெளிச்சம் வளைவுல வெளிய ஒழுகிடும். மிச்ச வயரை கைல சுத்தி சின்ன வளையமா டேப் போட்டு கட்டிட்டு போவாங்க, ஒரு சாப்பாட்டு தட்டு அகலத்துக்கு வளையம் போட சொல்லுங்க. பச்சை தலை கனெக்டருக்கு பச்சை தலைதான், நீல தலைய அதுல சொருகக் கூடாது, முனை வெட்டு வேற வேற. முனைய விரலால தொடாதீங்க, வாய வெச்சு ஊதாதீங்க, எச்சில் பட்டா போச்சு. கண்ணுக்கு நேரா முனைய வெச்சு வெளிச்சம் வருதான்னு பாக்கவே கூடாது, அது கண்ணுக்கு தெரியாத வெளிச்சம், பசங்க இருக்கற வீடு, கண்டிப்பா சொல்லி வையுங்க.

எல்லாத்துக்கும் மேல, அறுந்தா யாரு வருவா, எங்கருந்து வருவான்னு கேளுங்க. கம்பெனி பேரை விட அந்த லைன்மேன் இருக்கற ஊரு முக்கியம். எங்க ஜில்லாவுல ஒரே கம்பெனி லைன் ஒரு ஊர்ல ரெண்டு மணி நேரத்துல சரியாகும், 15 கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊர்ல மூணு நாளாகும், காரணம் ஆள் உக்காந்திருக்கற இடம்தான்.

பென்னாகரம் ஸ்டோர்ஸ்:
கடைல சிசிடிவி வெச்சிருக்கறவங்க இதை படிங்க. கேபிள்ல இருந்து மாறினதும் ஃபோன்ல கேமரா பாக்க முடியல, ரெண்டு நாள் தலைய பிச்சுக்கிட்டேன். பழைய லைன்ல எனக்குன்னு தனி ஐபி (நெட் முகவரி) குடுத்திருந்தாங்க, புதுசுல பல வீட்டுக்கு சேத்து ஒரே பொது ஐபி, அதனால வெளில இருந்து போர்ட் திறந்து உள்ள வர முடியாது. கேமரா ரெக்கார்ட் ஆகற டிவிஆர் பெட்டிலயே க்யூஆர் ஸ்கேன் பண்ணி கம்பெனி ஆப்ல சேக்கற வழி இருக்கும், அதை போட்டதும் வந்துடுச்சு. முடியாதவங்க ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத தனி ஐபி, காசு குடுத்து வாங்கணும்.

மாரண்டஅள்ளி விவசாயி:
உள்ளடங்கின ஊர்க்காரங்க பஞ்சாயத்து ஆபீஸ்லயும் ஒரு வார்த்தை விசாரிங்க. தமிழ்நாட்டுல 12,525 ஊராட்சிக்கும் ஃபைபர் கொண்டு போற பாரத்நெட் திட்ட வேலைய டான்ஃபினெட்டுங்கற தமிழ்நாடு அரசு கம்பெனி எடுத்து செய்யுது. பசங்களுக்கு ஸ்காலர்ஷிப்பு அப்ளிகேஷன் போட டவுனுக்கு பஸ் ஏறி போற கஷ்டம் நமக்குத்தான் தெரியும், ஊருக்குள்ள வயர் வந்துடுச்சுன்னா கேட்டு வாங்கணும்.

பாலக்கோடு மருமகள்:
போட்டாச்சு. ஆனா சந்தோஷமா எழுத முடியல. வந்த பையன் அவசரமா இருந்தான், அடுத்து ராயக்கோட்டைல ரெண்டு கனெக்ஷன் இருக்குன்னு சொல்லிக்கிட்டே வேலை பாத்தான், மீட்டர் கேட்டா வண்டில இருக்கு, லைட் பச்சையாதான எரியுதுன்னு போயிட்டான். முதல் நாள் சூப்பரா இருந்துச்சு, 100க்கு 97 வந்துச்சு, அப்லோடும் அதேதான், எனக்கு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. ரெண்டாவது நாள்ல இருந்து மத்தியானம் வெயில் ஏறினா சிக்னல் வரலன்னு காட்டற எல்ஓஎஸ் லைட்டு சிவப்பா ரெண்டு தடவ மின்னுது, நெட்டு போகுது, அஞ்சு நிமிஷத்துல தானா வருது. மேனேஜர் கிட்ட புது லைன் போட்டாச்சுன்னு சொல்லியிருந்தேன், இப்ப அவர் மொகத்துல எப்படி முழிக்கறது.

ஸ்ப்ளைசர் கிருஷ்ணகிரி:
பதட்டப்படாதீங்கக்கா. பிரவுசர்ல 192.168.1.1 போட்டு உள்ள போங்க, பேரு பாஸ்வேர்டு பெட்டிக்கு அடில ஸ்டிக்கர்ல இருக்கும். பான் ஸ்டேட்டஸ்னோ ஆப்டிக்கல் இன்ஃபோன்னோ ஒரு பக்கம் இருக்கும், அதுல ஆர்எக்ஸ் பவர், அதாவது பெட்டிக்கு வந்து சேர்ற வெளிச்சம், என்னன்னு பாத்து சொல்லுங்க. வயர் வீட்டுக்குள்ள வர்ற இடத்தையும் பாருங்க.

பாலக்கோடு மருமகள்:
மைனஸ் 27.6. வயர் ஜன்னல் வழியா வந்திருக்கு, இரும்பு சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவுல. வெயிலுக்கு நான்தான் மத்தியானம் ஜன்னலை சாத்தறேன்!

ஸ்ப்ளைசர் கிருஷ்ணகிரி:
அதேதான். சாத்தும்போது நசுங்குது. இப்ப ஜன்னலை தெறந்து விட்டு, மடிப்ப மெதுவா நிமித்துங்க, இழுக்காதீங்க. மிச்ச வயர் சுருட்டியும் சின்னதா இருக்கும், அவுத்து பெருசா விடுங்க. பண்ணிட்டு நம்பர் பாருங்க.

பாலக்கோடு மருமகள்:
மைனஸ் 22.1 ஆயிடுச்சு!! வீட்டுக்காரர் செவுத்துல ட்ரில் போட்டு ஓட்டை போட்டு தரேன்னுட்டார்.

ஸ்ப்ளைசர் கிருஷ்ணகிரி:
ஓட்டைய வெளிப்பக்கம் கொஞ்சம் கீழ சாஞ்ச மாதிரி போட சொல்லுங்க, மழை தண்ணி வயர் வழியா உள்ள வராது. வயரை மாத்தி விட கம்பெனில கம்ப்ளெயின்ட் போட்டு டாக்கெட் நம்பர் வாங்கிக்கங்க, புது கனெக்டர் அடிச்சா இன்னும் ரெண்டு ஏறும். அவங்க கண்டுக்கலன்னா அதே நம்பரை வெச்சு அந்த கம்பெனியோட அப்பலேட் அதாரிட்டிக்கு மேல்முறையீடு போடலாம், தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் விதில அதுக்கு வழி இருக்கு.

காரிமங்கலம் டீச்சர்:
அந்த பையனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை வீடுன்னு கணக்கு குடுத்து ஓட விடறாங்களோ தெரியல, ஆனா மீட்டர் வெக்காம போனது தப்புதான். பேக்கப் என்ன வெச்சீங்கம்மா? மாசாந்திர பராமரிப்புன்னு காலைல 9க்கு கரண்ட் நிறுத்தினா சாயந்தரம்தான் வரும்.

ஓசூர் நைட்ஷிப்ட்:
ரவுட்டருக்குன்னே சின்ன யுபிஎஸ் விக்குது, 12 வோல்ட் நேரா குடுக்கும். அடாப்டர்ல எழுதியிருக்கற வோல்ட்டும் ஆம்பியரும் பாத்து வாங்குங்க, 12 வோல்ட் பெட்டிக்கு 9 வோல்ட் குடுத்தா ஓடாது. சின்னதுல ரெண்டு மணி நேரம் வரும். நாள் முழுக்க வேணும்னா வீட்டு இன்வர்ட்டர்ல சேத்துடுங்க, இந்த பெட்டி ரொம்ப கம்மியாதான் கரண்ட் இழுக்கும்.

பாலக்கோடு மருமகள்:
மன்னிக்கணும், ரொம்ப நாள் கழிச்சு வரேன். நடந்ததை அப்படியே எழுதறேன், அடுத்து போடறவங்களுக்கு உதவும்.

செவுத்துல ஓட்டை போட்டாச்சு, வேற ஒரு டெக்னீஷியன் வந்து கனெக்டர் மாத்தினார், பெரியவர், பொறுமையா மீட்டர் வெச்சு காட்டினார், மைனஸ் 20.4. போன செவ்வாக்கிழமை ஊர் முழுக்க கரண்ட் நிறுத்தினாங்க. இன்வர்ட்டர்ல பெட்டியும் லேப்டாப்பும் மட்டும். ஃபேன் கூட போடாம உக்காந்து காலைல 9ல இருந்து 5 வரைக்கும் வேலை பாத்தேன், விபிஎன் ஒரு தடவ கூட அறுகல. பக்கத்து வீட்டு பசங்க மூணு பேரு வாசல்ல வந்து உக்காந்து பாடம் டவுன்லோட் பண்ணிக்கிட்டாங்க. கருப்பு டப்பாவுல வெறும் கண்ணாடின்னு ஸ்ப்ளைசர் தம்பி எழுதினது அன்னைக்குத்தான் முழுசா புரிஞ்சுது.

அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை மாங்கா மழை. காத்துக்கு புளிய மரக்கிளை ஒடிஞ்சு போஸ்ட்டுல இருந்து எங்க வீட்டுக்கு வர்ற வயர் அறுந்துடுச்சு. எல்ஓஎஸ் செவப்பா நின்னுடுச்சு. கம்ப்ளெயின்ட் போட்டா தர்மபுரில இருந்து ஆள் வரணும், அன்னைக்கு அவங்களுக்கு இருபது முப்பது இடத்துல அறுந்திருக்கு. ரெண்டு நாள் ஆச்சு. அந்த ரெண்டு நாளும் மாமாவோட பழைய கேபிள்லதான் வேலை பாத்தேன், ஒரு மாசம் நிறுத்தாதீங்கன்னு சொன்ன ஓசூர் தம்பி நல்லா இருக்கணும். மாமா மழை விட்டதும் அதே சாயந்தரம் ஏணியோட வந்து அவர் லைனை கட்டிட்டு போனார். எங்க ஃபைபர் தொங்கறத பாத்துட்டு, பசங்க மாடு மாட்டிக்காம ஓரமா சுருட்டி கட்டியும் வெச்சார், அவருக்கு அது வேலையே இல்ல.

அரூர் கேபிள்:
இதை படிச்சுட்டு எனக்கு பேச்சே வரலம்மா. உங்க மாமா கிட்ட நான் கேட்டதா சொல்லுங்க. எங்க பக்கம் மூணு ஆப்பரேட்டர் சேந்து ஒரே ஸ்ப்ளைசிங் மிஷின் வாங்கலாம்னு பேசிக்கிட்டு இருக்கோம், பாலக்கோடு பக்கம் அவரும் நாலு பேரை சேத்துக்கிட்டா முதலு பாரம் தெரியாது. இடி மின்னல்ல ஆம்ப்ளிஃபையர் எரிஞ்சு எரிஞ்சு வருஷா வருஷம் நாங்க கட்டற காசுலயே பாதி மிஷின் வந்திருக்கும். கண்ணாடி வழியா மின்னல் கரண்ட் ஏறாது.

ஸ்ப்ளைசர் கிருஷ்ணகிரி:
ஏறாதுதான், ஆனா போஸ்ட்டுல இருந்து வீட்டுக்கு வர்ற டிராப் கேபிள்ல தாங்கறதுக்கு இரும்பு கம்பி ஒன்னு ஓடும், அதை பெட்டிக்கு பக்கத்துல வரைக்கும் கொண்டு வராம வெளியவே வெட்டி விடணும். அடாப்டர் வழியா ஈபி லைன்லயும் மின்னல் வரும், பெருசா இடி இடிச்சா ப்ளக்க புடுங்கிடுங்க. மிஷின் வாங்கறவங்க யாரா இருந்தாலும் சொல்லுங்க, ஒரு நாள் லீவு போட்டு வந்து ஸ்ப்ளைஸ் அடிக்க கத்து குடுக்கறேன், காசு வேணாம். ஒரு ஜாயின்ட்ல வெளிச்ச லாஸ் 0.1 டிபிக்கு கீழ வர்ற வரைக்கும் விட மாட்டேன்.

பாலக்கோடு மருமகள்:
மாமா கிட்ட ஃபோன்லயே இந்த பதில் ரெண்டையும் படிச்சு காட்டினேன். பொண்ணு கல்யாணம் ஆவணில, அது முடிஞ்சதும் மொத வேலை அதுதான்னார். ஸ்ப்ளைசர் தம்பி நம்பர் கேட்டார், தனியா மெசேஜ்ல அனுப்புங்க. இன்னைக்கு காலைல பவர் மைனஸ் 20.5.